கூழ் கரைத்த கை

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் செல்லியம்மாளின் வலது கையில் கூழின் புளித்த வாடை போகவில்லை.

பம்மலில் அந்த லைன் வீட்டில் ஏழு குடித்தனம், ஒரே குழாய். முதல் வீடு அவளுடையது. போன வியாழக்கிழமை வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தபோது, தன்னை எழுப்பிவிட்டால் ஆடிக்கூழைத் தன் கையாலேயே கரைப்பதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். மறுநாளே எழுந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, சொன்ன சொல் தவறாமல், அண்டாவுக்குள் முழங்கை வரை கையை விட்டு, கேழ்வரகுக் களியைக் கட்டியில்லாமல் பிசைந்து கரைத்து, வீடு வீடாக அவளே ஊற்றினாள். கடைசி வீட்டு ஞானம்மாளின் கைக்குழந்தை ஜோதிக்கு மட்டும் விரலில் தொட்டு நாக்கில் தடவினாள். செல்லியம்மாள் படுத்திருந்த நாளில் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை மூன்று வேளையும் வாசலில் கொண்டுவந்து வைத்தவள் ஞானம்மாள்தான்.

இன்று திங்கள். மத்தியானம் இரண்டாம் வீட்டில் தனம் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது; பிறகு வாளி நகரும் சத்தம், சிமெண்டுத் தரையில் தண்ணீர் அடித்து ஊற்றும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவரைத் தாண்டி வந்த அந்தப் புளிப்பு வாடை. அரை மணி கழித்து மூன்றாம் வீடு. விளக்கு வைப்பதற்குள் நான்காம் வீடு.

"தண்ணிதான் பேஜார் பண்ணுது" என்றான் தனத்தின் புருஷன் லோகநாதன், கக்கூஸ் வாசலில் சொம்போடு நின்றபடி. "தோல் ஷெட்டுத் தண்ணி குழாய்ல கலந்துகினு கீது. ஏழு குடித்தனத்துக்கு ரெண்டு கக்கூஸ். இனிமே டோக்கன் குடுக்க வேண்டியதுதான்க்கா."

செல்லியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் வீட்டுக்குள் நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து கையை முகர்ந்தாள். தண்ணீர் என்றால் எல்லோருக்கும் ஒன்றாக அல்லவா வரவேண்டும்? இது அவள் ஊற்றிய வரிசையிலேயே வந்தது.

ஐந்தாம் வீட்டில் வாளி நகர்ந்தது.

கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். ஃபினாயில் ஊற்றித் தேய்த்தாள். தோல் வெளுத்துச் சுருங்கியது. முகர்ந்தாள். கூழ்.

ஆறாம் வீடு.

கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடினாள். கடைசி வீட்டுக் கதவு திறந்திருந்தது. இடுப்பில் ஜோதியோடு ஞானம்மாள் வந்தாள்.

"கிட்ட வராத ஞானம்மா. புள்ள எப்படி கீது?"

"அவளுக்கின்னா, நல்லாத்தான் கீறா. உன் மூஞ்சி ஏன்க்கா இப்படிக் கீது?"

"தண்ணி இல்ல, என் கைதான். எனக்கு வந்தது இன்னும் கையில கீது. அத்தத்தான் எல்லாருக்கும் ஊத்திட்டேன்."

ஞானம்மாளின் கண் கலங்கியது. "அக்கா, சும்மா இரு. சாமிக்குக் கரைச்ச கை. அது இன்னா பண்ணும்?" என்று முந்தானையை விலக்கி, அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

இந்த நாலு நாளில் செல்லியம்மாளை யாரும் அப்படித் தொட்டதில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கையை அங்கேயே விட்டுவிட்டாள்.

குழந்தை சிரித்தது. நேற்றைய ருசி நினைவு வந்ததுபோல் அதே விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

இழுத்தாள். நான்கே பல். விடவில்லை.

வரிசை முழுவதும் சத்தம் அடங்கியிருந்தது. வாளி இல்லை. தண்ணீர் இல்லை. சப்பும் ஒலி மட்டும்.

பிறகு அதுவும் நின்றது.

விரல் வாயிலிருக்க, ஜோதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சின்ன வயிறு, மெதுவாக, ஒரு முறை எக்கியது.