பத்துத் துளைகள்

மழை சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது. காஜா பெராங் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய பாக்கியலட்சுமி அவசரமாகக் குடையை விரித்தாள். எங்கிருந்தோ பறந்து வந்த நீளமான காகித நாடா ஒன்று குடைக்கம்பியில் சுற்றிக்கொண்டது. பிய்த்து எறியக் கையை உயர்த்தினாள்.

"கிழிக்காதீங்க மிஸ்! கிழிக்காதீங்க!"

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஒருவன் ஓடி வந்தான். முடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, நாடாவை அவ்வளவு மெதுவாக அவிழ்த்தான்.

"பூச்சி அரிச்ச காகிதத்துக்கா இந்த ஓட்டம்?"

"பூச்சி இல்ல லா. இதுல பேச்சு இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. நாடாவைக் குடைக்குள் நீட்டினான். விரல் அகலம்தான். அதில் வரிசை வரிசையாகத் துளைகள்…

"ஒரு எழுத்துக்கு அஞ்சு இடம். ஓட்டை இருக்கும், இல்ல இருக்காது. மெஷின்ல போட்டா அதுவே படிக்கும். கோலாலம்பூர்ல எழுத்தா அடிக்கும். கரண்ட் போனாலும் இது மறக்காது."

மறக்காதாமே! வெறும் காகிதம்… பாக்கியலட்சுமி நிமிர்ந்தாள். மழைத்துளி தொங்கிய இமைகளுக்குள் இரண்டு கண்கள், கோயில் தீபத்தைப் பார்ப்பவை போல அந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தன. தன்னைப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு ஏன் தோன்றவேண்டும்?

அது 1957 ஜூலை. மறு திங்கட்கிழமை பண்டார் ஹிலிர் தந்தி அலுவலகத்தில் நாடா துளையிடும் வேலைக்கு அவள் சேர்ந்தபோது, இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக்காக எதிரே நின்றவன் அவனேதான். பெயர் கருணாகரன். காஜா பெராங்கில் செட்டி கம்பம் என்னும் சிற்றூர்க்காரன். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசி, விநாயகரைக் கும்பிடும் குடும்பம். அவனுடைய தமிழ், கடையிலும் பஸ்ஸிலும் பொறுக்கிச் சேர்த்தது.

தான் துளையிட்ட முதல் நாடாவை இயந்திரத்தில் கோத்த நாளை அவள் மறக்கவே இல்லை. ஐந்து மெல்லிய ஊசிகள் கீழிருந்து எழும்பி, துளை இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தன. அவள் கை எங்கும் படவில்லை. அவள் அடித்த சொற்கள் தாமாகவே கிளம்பிப் போயின! மூச்சுவிட மறந்து நின்றாள்.

"பயமா மிஸ்?"

"இல்ல… என்னமோ சாமி வந்த மாதிரி இருக்கு."

"எனக்கும் அப்படித்தான். ஆறு வருஷமா."

சில வாரங்களில் விரலால் தடவியே துளைகளைப் படிக்கப் பழகிக்கொண்டாள். பிழை விழுந்தால் எப்படித் திருத்துவது என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்கக் கூச்சம்.

ஆகஸ்டில் மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்கான வாழ்த்துத் தந்திகள் குவிந்தன. நான்கு கெஜ நாடாவின் கடைசியில் ஓர் எழுத்துப் பிசகிவிட்டது. அப்பா சிறு வயதில் பழக்கியது அவளுக்குள் ஊறியிருந்தது. ஒரு பிழை வந்தால் முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். நாடாவைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். அன்று அது மூன்றாவது முறை.

கருணாகரன் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தான்.

"அடோய் மிஸ்! ஒரு எழுத்துக்கா முழுசும் வீசிட்டீங்க? போட்ட ஓட்டைய அடைக்க முடியாது. ஆனா அதே இடத்துல அஞ்சும் போட்டுட்டா, மெஷின் ஒண்ணும் அடிக்காம தாண்டிப் போயிடும் லா!"

அலுவலகமே சிரித்தது. அவள் காது சுட்டது.

"முதல்ல நீங்க தமிழ ஒழுங்காப் பேசக் கத்துக்கிட்டு வாங்க. அப்புறம் எனக்குச் சொல்லித் தரலாம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. அந்தக் கண்கள் தாழ்ந்தன.

"சரி மிஸ்."

அவ்வளவுதான். பிறகு அவன் அவளோடு பேசவே இல்லை. தேசத்துக்குச் சுதந்திரம் வந்தது. ஊரே கொடி பிடித்துக் கொண்டாடியது. ஆனால் அவள் சொல்லிவிட்ட சொல்லின் மேல் எங்கே போய் ஐந்து துளை போடுவாள்?

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, அவள் மேசையில் சுருட்டி வைத்த சின்ன நாடா ஒன்று கிடந்தது. வடக்கே தொலைவிலுள்ள கோத்தா பாருவுக்கு அவன் மாற்றல் கேட்டு வாங்கிவிட்டதாகச் சக ஊழியை அஞ்சலை சொன்னாள். திங்கட்கிழமை பயணமாம். நாடாவை இயந்திரத்தில் போட்டால் எல்லோரும் படித்துவிடுவார்கள். பாக்கியலட்சுமி அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மாலை மழையில் கரண்ட் போயிருந்தது. ஜன்னலருகே அமர்ந்து விரலால் படித்தாள். ஆங்கிலத்தில் மூன்றே வரிகள். சிரித்ததற்கு மன்னியுங்கள். என் தமிழுக்கும் மன்னியுங்கள். திரும்பி வர மாட்டேன்.

கரண்ட் இல்லை. இயந்திரம் இல்லை. அவனும் இல்லை. ஆனால் அவன் குரல் அவள் விரல் நுனியில் இருந்தது!

கடைசி வரியை மறுபடி தடவினாள். அந்த வரியை மறுப்பாக்குவது 'நாட்' (NOT) என்ற மூன்றெழுத்துச் சொல் மட்டும்தான். முதல் எழுத்தில் இரண்டு துளை, அடுத்ததில் இரண்டு, கடைசியில் ஒன்று. கொண்டை ஊசியை உருவி, ஒவ்வோர் எழுத்திலும் ஐந்து துளையும் நிறையக் குத்தினாள். மூன்று… மூன்று… நான்கு. பத்துத் துளைகள்.

மழை விட்டதும் செட்டி கம்பத்துக்கு நடந்தாள். மாவிலை கட்டிய வாசலில் அவன் சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டான். அவள் நாடாவை நீட்டினாள். அவன் கட்டைவிரல் அதன்மேல் ஊர்ந்து, ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஒரு சொல் காணோம்."

"ஆமா."

"யாரு…?"

"கொண்டை ஊசி."

அவன் நாடாவை அந்தி வெளிச்சத்தில் பிடித்தான். "கோணல் மாணலா இருக்கு லா!"

"மெஷின் படிக்காதா?"

"மெஷின் எதுக்கு? நான் படிச்சிட்டேன்." சிரிப்பு வந்த வேகத்தில் மறைந்தது. "ஆனா மிஸ்… ஆர்டர் வந்தாச்சு. ஒரு வருஷம் அங்க இருக்கணும். என் தமிழும்…"

"போயிட்டு வாங்க. இப்ப நாடா அதைத்தானே சொல்லுது? உங்க தமிழ்லதான் காகிதத்துல பேச்சு இருக்குன்னு சொன்னீங்க. அன்னிக்கே… எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு. நான் அன்னிக்குச் சொன்னதுதான் தப்பு. எங்கப்பாகிட்ட நானே பேசுறேன்."

அந்தக் கண்கள் இப்போது நாடாவைப் பார்க்கவில்லை. அன்று மழையில் நாடாவைப் பார்த்தது போலவே, அவளைப் பார்த்தன.

"ஓட்டைய இனி அடைக்க முடியாது… பாக்கியம்."

"தெரிஞ்சுதான் போட்டேன்."