இரண்டு மனதுக்கு ஒரு பச்சை விளக்கு

சகாயமேரி தன் சம்மதத்தை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும் சொல்மானி மஞ்சளிலேயே நின்றது.

தூத்துக்குடியின் அந்த மருத்துவமனையில் சொல்மானி பச்சை காட்டாமல் யாருடைய உறுப்பையும் எடுக்கக் கூடாது. ஒலிவாங்கி வழியாகச் சொல்லையும் நெற்றிப்பட்டை வழியாக மனதையும் வாங்கி, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கருவி அது. அதை இயக்கும் செவ்வந்தியும் தினமும் காலையில் பட்டையைக் கட்டிக்கொண்டு, "இந்தக் கருவியை முழுமையாக நம்புகிறேன்" என்று சொல்ல வேண்டும். சாமி கும்பிடுவது மாதிரி சொல்லிவிடுவாள். பச்சை விழும், வேலை தொடங்கும்.

மஞ்சள் என்றால் வாக்கியத்தில் பொருள் மயக்கம் என்றுதான் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். எவ்வளவு திருத்தியும் மஞ்சளிலேயே நின்றவர்களை, மனமில்லாதவர்கள் என்று எழுதி அவள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். இன்றும் வாக்கியத்தை இறுக்கினாள். எந்தச் சிறுநீரகம், யாருக்கு, என்றைக்கு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல். வக்கீல் பத்திரம் தோற்றுப்போகும். சகாயமேரியும் அலுக்காமல் சொன்னாள். மஞ்சள்தான்.

சகாயமேரியின் தம்பி அமல்ராஜ் பக்கத்து அறையில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருந்தான். அவனுக்குப் பொருந்துகிற வேறு ஆள் கிடையாது.

வாக்கியத்தில் இனிக் கழுவ அழுக்கே இல்லை என்று செவ்வந்திக்குத் தோன்றியது. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, தர இஷ்டமில்லையா?" என்று கேட்டாள்.

"தாரேன்னுதானம்மா சொல்லுதேன். அவன் படிக்கணும்னு என்னையப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டாவ. அந்தக் கோவம் இன்னும் போகல. கத்திய நெனச்சாப் பயமா இருக்கு. அவன் செத்துட்டா நான் தாங்க மாட்டேன். எல்லாத்தோடயும் சேத்துத்தான் தாரேன்."

பச்சை.

செவ்வந்திக்குக் கண் கலங்கிவிட்டது. மயக்கம் சொல்லில் இருக்கவேயில்லை. மனம்தான் இரண்டாக இருந்தது. இரண்டையும் மறைக்காமல் சொன்னதும் சொல்லும் மனமும் பொருந்திவிட்டன.

தருபவர் சொன்னதைப் பெறுபவர் கேட்டு, அவரும் பட்டையைக் கட்டிக்கொண்டு சம்மதம் சொல்ல வேண்டும் என்பது விதி. அமல்ராஜ் பட்டையைக் கட்டிக்கொண்டு பதிவைக் கேட்டான். அக்காவை அருகில் அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்கிக்கக் கூச்சமா இருக்குக்கா. ஆனா பொழைக்கணும்னு ஆசையா இருக்கு. படிச்சதுக்கும் சேத்து நன்றிக்கா."

முதல் தடவையே பச்சை. சகாயமேரி அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை இருவரையும் அறுவை அறைக்கு அழைத்துப் போன பிறகு, செவ்வந்தி பட்டையைக் கட்டிக்கொண்டு வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாள். மஞ்சள் விழுந்தது. திரும்பச் சொன்னாள். மஞ்சள்தான்.

கருவியைப் பார்த்துப் பேசினாள். "நம்புறேன். நேத்து நீ செஞ்சதுக்கு நன்றி, ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனா மஞ்சள்னு நான் திருப்பி அனுப்புனவங்களுக்கும் இப்படித்தான் ரெண்டு மனசு இருந்திருக்குமோன்னு பயமா இருக்கு."

பச்சை விழுந்தது.

அடுத்தவரை உள்ளே விடச் செவ்வந்தி கதவைத் திறக்கவில்லை. திருப்பி அனுப்பியவர்களில் முதலாமவரைத் தொலைபேசியில் அழைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது; யாரும் எடுக்கவில்லை.