மூன்று கோணல் ஓட்டைகள்

என் தம்பி எம்மெட்டுக்கு ஆறு வயது. அவன் இடுப்பில் எங்கள் அப்பாவின் பெல்ட் இருந்தது. அப்பா இல்லை.

பிப்ரவரியில் அப்பா இறந்துபோனார். ஒரு வருடமாக அவருக்கு உடம்பு சரியில்லை. எங்கள் ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அக்கம்பக்கத்தார் உருளைக்கிழங்கில் சீஸ் போட்டுச் சுட்டு, தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மூன்று வாரம் அதையே தின்றோம். பிறகு தட்டுகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்தோம். அதற்கப்புறம்தான் வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது.

அன்று முதல் எம்மெட் அந்தப் பெல்ட்டைக் கழற்றவில்லை. குளிக்கும்போது மட்டும் குளியலறைக் கதவுப் பிடியில் மாட்டுவான்.

பெல்ட்டோ பெரிய ஆளுக்குச் செய்தது. அவனுக்கு ஒரு சுற்றுக்கு ரொம்ப நீளம், இரண்டு சுற்றுக்குப் போதாது. அதனால் ஒரு சுற்றுச் சுற்றி, வைக்கோல் கட்டும் கயிற்றால் பக்கிளோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்வான். மிச்சம் முழங்காலுக்குக் கீழே தொங்கும். முதுகுப் பக்கம் 'வெண்டல்' என்று அப்பாவின் பெயர் பெரிய ஆங்கில எழுத்தில் இருக்கும். எங்கள் பக்கம் எல்லாரும் பெல்ட்டில் பெயர் அடித்துக்கொள்வார்கள்.

"டேய் வெண்டல்! உன் வாலு தரையக் கூட்டுதுடா!" என்று பள்ளியில் கத்துவார்கள்.

"ஆமா, என் பேரு வெண்டல்தான்!" என்பான் எம்மெட். அழவே மாட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த வால் பள்ளிப் பேருந்தின் கதவில் மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் பார்த்து நிறுத்துவதற்குள் எம்மெட் நாலடி தூரம் இழுபட்டுவிட்டான். முழங்கை இரண்டிலும் தோல் உரிந்துபோனது.

அம்மா அவன் முழங்கையில் மருந்து போட்டாள். எங்கள் மாடுகள் கன்று ஈனும் காலம் என்பதால் அம்மா சரியாகத் தூங்கியே பத்து நாள் இருக்கும். அவன் தூங்கிய பிறகு என்னிடம் சொன்னாள்.

"ஹேட்டி, நாளைக்கு அவன் குளிக்கப் போறப்ப பெல்ட்ட எடுத்துட்டு லொரீன் அத்தை கடைக்குப் போயிரு. அவன் அளவுக்கு வெட்டித் தரச் சொல்லு."

"அழுவான்ம்மா."

"அழட்டும். அவனையும் இழந்துட்டு நான் என்னடி பண்ணுவேன்?"

அம்மா ஒரு துண்டுச் சீட்டில் '22' என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை, குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். திருடி மாதிரி இருந்தது. மாதிரி என்ன, திருடிதான்.

லொரீன் அத்தை கடை இரண்டு தெரு தள்ளி. சேணம், கடிவாளம், பெல்ட் எல்லாம் செய்வாள். அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். இந்தப் பெல்ட்டும் அவள் செய்ததுதான்.

நான் பெல்ட்டை மேசையில் வைத்தேன். அவள் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வெட்டணுமாம். எம்மெட் அளவுக்கு" என்று சீட்டை நீட்டினேன்.

சீட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இருபத்திரண்டு! இது பேண்ட் அளவு. உங்கம்மாவுக்கு எத்தனை தடவை சொல்லிருக்கேன்! பேண்ட் அளவுக்குப் பெல்ட்ட வெட்டினா எட்டாது. பக்கிள்லேர்ந்து, போட்டுக்கிற ஓட்டை வரைக்கும் அளக்கணும். ஆள் இங்க வந்து நிக்கணும்."

"ஆள் வந்தா வெட்ட விடமாட்டான் அத்தை."

"ஆள் இல்லாம நான் கத்திய எடுக்க மாட்டேன். வெட்டின தோலு வெட்டினதுதான். ஒட்டி வளராது."

அதற்குள் கதவு படாரென்று திறந்தது. எம்மெட் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு கையாலும் பேண்டைப் பிடித்திருந்தான். அப்படியே இரண்டு தெரு ஓடிவந்திருக்கிறான்.

"நீ எடுத்துட்டே! அக்கா, நீ எடுத்துட்டே!"

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "பத்திரமாத்தான் இருக்குடா" என்றேன். அது பொய் என்று எனக்கே தெரிந்தது.

அவன் பாய்ந்து வந்து பெல்ட்டை இழுத்தான். பேண்ட் நழுவி முழங்காலுக்கு வந்தது. அவன் கவலைப்படவில்லை. லொரீன் அத்தைதான் எட்டிப் பேண்டைத் தூக்கி, ஒரு தோல் வாரால் கட்டிவிட்டாள்.

"இங்க பாருடா. உன்கிட்ட மறைக்க மாட்டேன்" என்றாள் அவள். "இதச் சின்னதாக்க ரெண்டு வழி இருக்கு. பக்கிள் பக்கம் வெட்டலாம். அப்ப முதுகுல இருக்கிற பேரு போயிரும். இல்ல, நுனிப் பக்கம் வெட்டலாம். பேரு இருக்கும், ஓட்டையெல்லாம் போயிரும். பேரு இருக்கட்டும்னுதான் உங்கம்மா நினைப்பா. ஓட்டை நான் புதுசா போட்டுத் தரேன்."

"ஓட்டை போகக் கூடாது!"

"வெறும் ஓட்டைதானேடா" என்றேன் நான்.

எம்மெட் என்னை முறைத்தான். அப்படி அவன் என்னை முறைத்ததே இல்லை. பெல்ட்டை மேசையில் பரப்பி, ஓட்டைகளில் விரலை வைத்தான்.

அத்தை போட்ட ஓட்டைகள் ஏழு, வரிசையாக, வட்டமாக இருந்தன. நடு ஓட்டை மட்டும் இழுபட்டு நீண்டிருந்தது. அந்த ஏழுக்கும் உள்பக்கம், பக்கிளை நோக்கி, இன்னும் மூன்று ஓட்டைகள். அவை கோணல்மாணலாக இருந்தன. அப்பா ஆணியால் அடித்தவை.

"இதுல அப்பா குண்டா இருந்தாரு" என்று நடு ஓட்டையைக் காட்டினான். பிறகு முதல் கோணல் ஓட்டை. "இது ரோடியோல குதிரை அடக்குறதப் பார்க்கப் போன அன்னிக்கு அடிச்சாரு. கூட்டத்துல பேண்ட் நழுவிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம்." அடுத்தது. "இது முதல் பனி விழுந்தப்ப. ஆணிய நான்தான் பிடிச்சேன்." கடைசி ஓட்டையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டான். அது எதற்கு அடித்தது என்று எனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில். அதற்கப்புறம் அப்பா பெல்ட் போடவில்லை.

ஓட்டைக்கு ஓட்டை அப்பா மெலிந்ததை நானும் பார்த்தேன். ஆனால் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். எம்மெட் எல்லாவற்றையும் பார்த்து, நினைவில் வைத்திருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. லொரீன் அத்தை அரைநிலாக் கத்தியை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா என்ன செய்வாள்? பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். இல்லாவிட்டால் மறுபடியும் பேருந்துக் கதவு. இரண்டும் வேண்டாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன்.

மூலையில், பழுது பார்க்க வந்த சேணம் ஒன்று மரத்தாங்கியில் கிடந்தது. அதன் முன்னால் நிமிர்ந்து நிற்கும் முன்கொம்புக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டை ஒன்று வளையமாகக் கட்டியிருந்தது. குதிரை துள்ளினால் பிடித்துக்கொள்வதற்காக மாட்டுக்காரர்கள் கட்டும் பிடிவார். உற்றுப் பார்த்தேன்.

"அத்தை, அது நாயோட கழுத்துப்பட்டைதானே?"

"ஆமா. அவன் ஒரு கஞ்சன். பிடிவாருக்குப் புதுத் தோல் எதுக்குங்கிறான். பாதிப் பேரு பழைய பெல்ட்டத்தான் கட்டிக்கிறாங்க, எனக்கு எங்க வேலை..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

நான் எம்மெட்டிடம் குனிந்தேன். "நீ ஏன்டா இப்பல்லாம் பிஸ்கட் மேல ஏற மாட்டேங்கிற?"

பிஸ்கட் அவனுடைய மட்டக் குதிரை. பனிக்காலம் முழுக்கக் கொட்டகையில் சும்மா நின்று, தின்று, பீப்பாய் ஆகியிருந்தது.

"பயமா இருக்கு" என்றான் மெல்ல. "அப்பாதான் கூடவே நடந்து வருவாரு. பின்னாடி என் பெல்ட்டப் பிடிச்சுக்குவாரு. இப்ப யாரு பிடிப்பா?"

"இதப் பிடிச்சுக்கிறியா?"

அவனுக்குப் புரியவில்லை. அந்தச் சேணத்தைக் காட்டினேன். பட்டையைக் காட்டினேன். பிறகு அப்பாவின் பெல்ட்டைக் காட்டினேன்.

"வெட்டணுமா?"

"ஒரு நூல்கூட வேண்டாம்."

லொரீன் அத்தை எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கே வந்தாள். எம்மெட்டின் சின்னச் சேணத்தைத் தாங்கியில் வைத்தோம். முன்கொம்புக்குக் கீழே இருக்கும் இடைவெளி வழியாகப் பெல்ட்டை விட்டு, மேலே சுற்றி, மறுபடியும் உள்ளே விட்டுச் சுற்றினேன். அப்பாவின் பெயர் மேலே வந்து நின்றது.

"எந்த ஓட்டைல மாட்டணும்?" என்று கேட்டான் எம்மெட்.

இழுத்துப் பார்த்தேன். நடு ஓட்டையில் தொளதொளவென்றிருந்தது. முதல் கோணல் ஓட்டையில் ஆடியது. இரண்டாவதிலும் ஆடியது. மூன்றாவதில், அந்தக் கடைசி ஓட்டையில், பக்கிளின் ஊசி போய் உட்கார்ந்தது. பெல்ட் அசையவே இல்லை.

"எனக்கு இங்க வேலையே இல்ல. எதுக்குடி என்னை இழுத்துட்டு வந்தே?" என்றாள் லொரீன் அத்தை. குரல் என்னவோ போல இருந்தது.

கொட்டகை வாசலில் அம்மா வந்து நின்றாள். கையெல்லாம் கன்றுக்குட்டி அழுக்கு. வெட்டப்படாத பெல்ட்டைப் பார்த்தாள். அதில் எந்த ஓட்டையில் ஊசி இருக்கிறது என்பதையும் பார்த்தாள். திட்டவில்லை. உள்ளே வந்து, கையைப் பேண்டில் துடைத்துவிட்டு, அப்பாவின் பெயர் மேல் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிப்ரவரியிலிருந்து அவள் எங்கள் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. நாங்களும் சேர்ந்து அழுதோம். பிஸ்கட் மட்டும் வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் எம்மெட் குதிரையில் ஏறினான். இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். நான் கயிற்றைப் பிடித்து நடந்தேன். வேலி வரை போய்த் திரும்பினோம். அவ்வளவுதான். ஆனால் இறங்கியதும் அவன் பேண்ட் மறுபடி முழங்காலுக்கு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்துவிட்டோம்.

"இந்தப் பயலுக்கு ஒரு பெல்ட் வேணும்பா" என்றாள் லொரீன் அத்தை.

அடுத்த வாரம் அவள் கடையில், மாட்டின் முதுகுத் தோலில் ஒரு பட்டை வெட்டினாள். "வயித்துத் தோல் இழுபட்டுப் போயிரும்" என்றாள். தோலை நனைத்து, எழுத்துக் கட்டைகளை எம்மெட்டிடம் கொடுத்தாள். அவனே சுத்தியலால் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். முதல் 'எம்' எழுத்து தலைகீழாக விழுந்து 'டபிள்யூ' ஆகிவிட்டது.

"ஐயோ! வேற பட்டை வெட்டட்டுமா?" என்றாள் அத்தை.

எம்மெட் குனிந்து பார்த்தான். "வேண்டாம். அது அப்பா பேரோட முதல் எழுத்து."

கடைசியாக ஓட்டை. ஏழு போட்டாள். உள்பக்கத்து முதல் ஓட்டையில் அவனுக்குச் சரியாக இருந்தது.

"மத்ததெல்லாம் எதுக்கு?" என்று கேட்டான்.

"நீ வளர வேண்டாமா? சின்னப் பசங்க பெல்ட்டுல ஊசி வெளிப் பக்கத்து ஓட்டைக்குத்தான் நகரும்."

அதை அவன் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் நேரம். அவனைக் காணவில்லை. பேருந்து வாசலில் வந்து ஒலி எழுப்பியது. நான் கத்திக்கொண்டே கொட்டகைக்கு ஓடினேன்.

எம்மெட் சேணத்தின் முன்னால் நின்றிருந்தான். சட்டையைத் தூக்கிப் பிடித்து, தன் பெல்ட்டின் பக்கிளை அப்பாவின் பெல்ட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா, ரெண்டாவது ஓட்டைக்கு வந்துட்டேன்" என்றான்.