மூன்றாம் தட்டலுக்கு உரிய வசனம்

சிரிப்பு முந்திவிட்டது. டீவியில் ஓடிய படத்தில் மாமியார் இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் தங்கச்சி கிருஷாந்தி கலகலவென்று சிரித்தாள்.

"அடியே, நான் மூணு சொல்றதுக்குள்ள அமுக்கிட்டியா?" என்று ஜன்னலோரம் இருந்த போனைப் பார்த்துக் கேட்டாள் ஜெயராணி.

"இல்லக்கா. நான் வந்து ரொம்ப நேரமாச்சு."

வெள்ளிக்கிழமை என்றால் அவர்களுக்கு இந்தப் படம்தான். கண்டிப் பக்கம் வத்தேகமவில் இவள்; டோஹாவில் ஹோட்டல் வேலையில் அவள். போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒன்னு, ரெண்டு, மூணு எண்ணி, இருவரும் ஒரே நொடியில் ஓடவிடுவார்கள். அம்மா செத்த வாரம், அழுது அழுது ஓய்ந்துபோய்ப் போட்ட பழைய சிரிப்புப் படம். நூறு தடவைக்கு மேல் பார்த்தாகிவிட்டது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் அதன் சுகம்.

கிருஷாந்தியின் இரண்டு வயது மகள் நடாஷா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த அறை வாசலில் தொங்கிய திரைச்சீலை தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. அறைக்கு அப்பால் அடுப்பெரிக்கும் குசினி, குசினியில் பின் கதவு. விமானம் ஏறும்போது தங்கச்சி கேட்டது ஒன்றைத்தான்: "கதவ மட்டும் தொறந்து வைக்காதக்கா. அவ ஓடிருவா." அன்றிலிருந்து பட்டப்பகலிலும் முன், பின் இரண்டு கதவுக்கும் தாழ்ப்பாள்.

நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு இறங்கிய மழை தகரக் கூரையைப் போட்டு அடித்தது. ரோட்டில் கண்டி பஸ் ஒன்று சேற்றைக் கிழித்துக்கொண்டு போன சத்தம் அடங்கியதும், குசினிப் பக்கமிருந்து, நனைந்த துணியை நாள்கணக்கில் பூட்டி வைத்த அலுமாரியைத் திறந்தது போல ஒரு வாடை மெல்ல வந்தது. பின் கதவடியில் போட்ட சாக்கு நனைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி சிரிப்பு. சிரிக்க வேண்டிய இடத்துக்கு இன்னும் முழுசாக ஒரு நிமிடம் இருந்தது.

"ஏய், அங்க நெட் ஸ்பீடோ? படம் முடிஞ்சிருச்சுன்னு சொல்லிடாத!"

மூச்சு மட்டும் கேட்டது.

கதவுக் கட்டம் வந்தது. துரத்தப்பட்ட மருமகன் மாறுவேடத்தில் வந்து மூன்று முறை கதவைத் தட்டுவான். அந்த இடத்தில் படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு, மாமியார் வசனத்தை இவளும், மருமகன் வசனத்தை அவளும் பேசுவது வழக்கம். ஜெயராணி சத்தத்தை அணைத்தாள்.

டக், டக்.

"யாருப்பா அது?" என்றாள் ஜெயராணி மாமியார் குரலில்.

"நான்தான் அத்தை."

"நான்தான்னா? பேரு கெடையாதா?"

டக், டக்.

"பசியில மறந்துபோச்சு, அத்தை."

ஜெயராணிக்குச் சிரிப்பு வந்தது. என்னமாய்ப் பேசுகிறாள்! போனில் எப்போதும் இருக்கும் கரகரப்புக்கூட இல்லை. பக்கத்தில் நின்று பேசுவது போல.

"அடுத்த வீட்டுக்குப் போ."

"அங்க யாரும் தொறக்கல, அத்தை."

டக், டக்.

நூறு தடவை சொன்ன வாய். யோசிக்கவில்லை.

"சரி, தொலையுது. உள்ள வா."

குசினியில் தாழ்ப்பாள் விலகியது.

மழைச் சத்தம் வீட்டுக்குள் பெரிதாகக் கேட்டது. ஜன்னலோரம் போன் ஒருமுறை மின்னியது. குரல் செய்தி. கிருஷாந்தி. எட்டி அமுக்கினாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. திடீர்னு டியூட்டி போட்டுட்டாங்க, போனு லொக்கர்ல மாட்டிக்கிச்சு. இப்பத்தான் பாக்குறேன், கூப்பிட்டிருக்க. நான் இல்லாம படத்தப் போட்டுடாத, சரியா? பிள்ளைக்கு ஒரு முத்தம் குடு."

கரகரப்போடு. தூரத்திலிருந்து.

போனில் அழைப்பு எதுவும் ஓடவில்லை. நாலரைக்கு இவள் எடுத்த அழைப்பு. அதற்குப் பக்கத்தில் 'பதில் இல்லை' என்று இருந்தது.

வாடை இப்போது உள்ளறையிலிருந்து வந்தது. எழ வேண்டும். ஓட வேண்டும். கால் வரவில்லை. டீவியில், சத்தமில்லாமல், மருமகன் வீட்டுக்குள் நுழைந்தான். அவனுடைய அடுத்த வசனம் ஜெயராணிக்குத் தெரியும்.

உள்ளறையில் தங்கச்சியின் குரல் அதைச் சொன்னது.

"என் பிள்ள எங்க? நான் தூக்கணும்."

"நடாஷா!" கத்தினாள்.

கட்டில் கிறீச்சிட்டது.

"அம்மா?" தூக்கம் கலையாத குரல். பிறகு, சந்தோஷமாக, "அம்மா!"

அறை வாசல் திரைச்சீலைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. சிவப்புச் சீமெந்துத் தரையில் இரண்டு பாதங்கள் நின்றன. ஊறிப்போன, வெளிறிய பாதங்கள். தண்ணீர் சொட்டியது.

தத்தித் தத்தி இரண்டு சின்னப் பாதங்கள் வந்தன. பக்கத்தில் நின்றன. குதிகால்கள் எம்பின.

பிறகு, மெல்ல, தரையை விட்டு மேலே போயின.