நாலு லிட்டர்தான் பிடிக்கும்

எட்டு மாதமாக ஓடாத காரின் எஞ்சின் அடித்தொட்டியில் கை வைத்தபோது, அது வெதுவெதுப்பாக இருந்தது.

ஜாக்கி போட்டுத் தூக்கிய காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த ஃபெயில் சார் கையை இழுத்துக்கொண்டார். காலையில்தான் சாவியைத் திருகிப் பார்த்திருந்தார். பேட்டரி செத்துக் கிடந்தது, முக்கல் முனகல்கூட இல்லை. தங்கை வீட்டு ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது. பாதி ஏற்றி வைத்த ஷட்டருக்கு அடியில் மூன்று மணி வெயில் ஒரு முழத்துக்கு மேல் உள்ளே வரவில்லை. மறுபடியும் தொட்டார். காய்ச்சல்காரனின் நெற்றி போல ஒரு சூடு.

"தகரத்துக்கு அடியில இருந்தா சுடாம என்ன பண்ணும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார்.

முப்பத்தோரு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்ததற்கு ஊர் கொடுத்த பட்டம்தான் ஃபெயில் சார். முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவருக்குத் தெரியும், அதில் உள்ளுக்குள் ஒரு பெருமையும் உண்டு. அவர் கணக்குப்படி மனிதரில் இரண்டே ஜாதி. கண்ணாடியைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்கள், கழுதைகள். முதல் ஜாதியில் இதுவரை ஒருவரைத்தான் பார்த்திருந்தார், அதுவும் தினமும் காலையில் முகச்சவரம் செய்யும்போது.

ஒரே தங்கையின் கணவரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. மூன்று முறை ஃபெயில் போட்டார். மாப்பிள்ளை நான்காவது முறை வேறு ஆபீசுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். கேட்டால் சிரிப்பார். எதைச் சொன்னாலும் சிரிக்கிற ஆள், கூரியர் ஆபீசில் பார்சல் பிரிக்கிற வேலை. அப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் இந்த இரண்டு சீட் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் துருப்பிடித்த நிலையில் வாங்கி வந்து, பத்து வருடம் தட்டித் தேய்த்துப் பளபளக்க வைத்தார். குரங்கு கையில் பூமாலை என்று ஃபெயில் சார் அப்போதே சொன்னார். சொன்ன அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளை இதே காரின் டிரைவர் சீட்டில், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க, விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அன்று இறக்கிய ஷட்டரை இன்றுதான் ஃபெயில் சார் ஏற்றினார். ஆயிலை மாற்றி, புது பேட்டரி போட்டு, நாளைக்கே தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவதாக முடிவு. தங்கையிடம் கேட்கவில்லை, தகவல்தான் சொன்னார்.

"வேணாம்ண்ணா" என்றாள் அவள். "அதுல கை வைக்காத. அவருக்குப் பிடிக்காது."

"உயிரோட இருந்தப்பவே அந்த ஆளு பிடிக்குது பிடிக்கலன்னு வாயைத் திறந்ததில்ல. இப்ப எங்க இருந்து வந்துச்சு ரோஷம்?"

"ஆயில் மட்டும் அவரேதான் மாத்துவார். ஷட்டரை இறக்கிட்டு. என்னைக்கூட உள்ள விடமாட்டார்."

"ஆயில் மாத்தறது என்ன, கதவைச் சாத்திட்டுச் செய்யற காரியமா? வேலை தெரியாதவன் ஒளிஞ்சுதான் செய்வான்."

அவள் தையல் மிஷினுக்குத் திரும்பிப் போனாள். அந்த மிஷின் ஓடும் சத்தம்தான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இப்போதும் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆயில் தொட்டியின் அடியில் துளையை அடைத்திருந்த போல்ட் ஒரு தம்மில் இளகியது. கடைசிச் சுற்றை விரலால் திருக, அது நழுவி, கீழே வைத்திருந்த பேசினுக்குள் விழுந்தது. பின்னாலேயே ஆயில் இறங்கியது. கட்டை விரல் தடிமனில், கறுப்பாக, அவசரமில்லாமல். அதன் வாசனைதான் சரியில்லை. பழைய ஆயிலுக்கு ஒரு கருகல் நாற்றம் இருக்கும், மூக்கு அதைத்தான் எதிர்பார்த்தது. வந்ததோ போர்வைக்குள் இரவெல்லாம் மூடிக் கிடந்த மனித மூச்சின் புளித்த வாடை. மணிக்கட்டில் தெறித்த ஒரு துளி சுட்டது. எந்தக் கடையில் எந்த மட்டரகச் சரக்கை வாங்கி ஊற்றினானோ கஞ்சன் என்று முணுமுணுத்தபடி ஃபெயில் சார் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இந்த எஞ்சினுக்கு நாலு லிட்டர்தான் பிடிக்கும். கையேட்டில் இருக்கிறது, வாங்கி வந்த டப்பாவும் நாலு லிட்டர்தான். ஆறு லிட்டர் பிடிக்கும் பேசினின் விளிம்பை ஆயில் தொட்டபோது அவர் கையேட்டைத் திட்டினார். பேசினை நகர்த்திவிட்டு, பக்கத்தில் இருந்த பக்கெட்டைத் துளைக்கு அடியில் தள்ளினார். அது பாதி நிறைந்தபோது மாப்பிள்ளையைத் திட்டினார். அளவு தெரியாமல் ஊற்றிய முட்டாள். முக்கால் நிறைந்தபோது திட்ட ஆள் கிடைக்கவில்லை.

ஆயில் விழும் சத்தம் மாறியிருந்தது. ஒழுகும் சத்தமாக இல்லை. யாரோ தாகமாகத் தண்ணீர் குடிப்பது போல மடக் மடக் என்று, நடுவில் மூச்சு வாங்க ஒரு இடைவெளி விட்டு, மறுபடியும் மடக் மடக் என்று. அந்த இடைவெளியில் ஷெட் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது. ஷட்டரடி வெயில் எப்போதோ வெளியே நகர்ந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் எஞ்சினின் வயிறு ஈரமாக மின்னியது.

பக்கெட் வழிந்தது. சிமெண்டுத் தரையில் பரவிய ஆயில் சரிவான வாசல் பக்கம் போகவில்லை. அவர் தலை இருந்த பக்கமாக, மேட்டை நோக்கி, வந்தது.

பேசினுக்குள் கையை விட்டுத் துழாவி போல்ட்டை எடுத்தார். துளையில் வைத்துத் திருகினார். மரை பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினார். பிடிக்காத மாத்திரையை நாக்கு வெளியே தள்ளுவது போல, உள்ளிருந்து ஏதோ மெதுவாக அதை வெளியே தள்ளியது. போல்ட் அவர் மார்பின் மேல் விழுந்து உருண்டது.

"சனியன்" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

துளையில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார்.

ஒழுக்கு நின்றது. உடனே, ஒரு சொட்டு மிச்சமில்லாமல். முகத்தை மறு தோளில் துடைத்துக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டார். அவ்வளவுதான். ஒரு துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு, திங்கட்கிழமை ஒரு மெக்கானிக் கழுதையைக் கூப்பிட வேண்டியதுதான்.

விரலை எடுக்கப் போனார்.

வரவில்லை.

இறுகிப் பிடிக்கவில்லை. வலியும் இல்லை. விரலைச் சுற்றி மெத்தென்று, ஈரமாக, சூடாக. கன்றுக்குட்டி கைவிரலைச் சப்புவது போல ஒரு இழுப்பு. அடுத்தது ஒன்று. முதல் கணு உள்ளே போயிருந்தது. இப்போது இரண்டாவது.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது.

"தங்கச்சி" என்றார். வாழ்க்கையில் அவளை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "இங்க வா. சீக்கிரம் வா."

செருப்புச் சத்தம் வந்தது. ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். அவள் கால் இரண்டும் ஆயிலின் விளிம்பில் நின்றன. ஆயில் அவள் காலைத் தொடாமல் விலகி வழிவிட்டது.

"கை மாட்டிக்கிச்சு. ஜாக்கியை ஏத்து. இல்ல, யாரையாவது கூப்பிடு. என்ன பார்த்துட்டு நிக்கற?"

அவள் குனிந்து அவரைப் பார்க்கவில்லை. கார் பானெட்டில் உள்ளங்கை பதியும் சத்தம் மட்டும் மேலே கேட்டது. தடவிக் கொடுக்கும் சத்தம்.

"போதும்ங்க" என்றாள் மெதுவாக. "அண்ணன்தானே. விட்டுடுங்க."

காரின் ஸ்பிரிங்குகள் நீளமாக ஒரு தடவை முனகின. சீட்டில் ஒருவர் உட்கார்ந்தபடியே அசைந்து உட்கார்ந்தது போல.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"கேக்க மாட்டேங்கறார்ண்ணா."

செருப்புச் சத்தம் வெளியே போனது. ஷட்டர் இறங்கத் தொடங்கியது. அவர் கத்தினாரா என்று அவருக்கே தெரியவில்லை. வெளிச்சம் ஒரு முழமானது, சாண் ஆனது, கோடானது.

இருட்டு.

டார்ச் மட்டும் அவருடைய இடது கையில். மேலே திருப்பினார். பார்க்கக் கூடாது. பார்த்தார்.

துளை பெரிதாகவில்லை. அதே துளை, ஒரு விரல் நுழையும் அளவுதான். அதற்குள் ஐந்து விரல்களும் போயிருந்தன. உள்ளங்கை போயிருந்தது. மணிக்கட்டு போய்க்கொண்டிருந்தது, அவசரமில்லாமல், மடக் மடக் என்று, நடுவில் மூச்சு வாங்க ஒரு இடைவெளி விட்டு.