ஆறரை மணி அழைப்பு

நவம்பர் 6, 2091. இன்று ஒரு தவறு. வகுப்புக்குப் போகும்போது ஜன்னலை மூட மறந்திருக்கிறேன். மழையில் தரை முழுவதும் நனைந்துவிட்டது. மூடியதாகத்தான் ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை நம்ப முடியாது.

இதை எழுதி முடித்துவிட்டு, துடைத்த தரையை இன்னொரு முறை துடைத்தாள் செல்லக்கனி. எதையும் இரண்டு முறை செய்தால்தான் அவளுக்கு மனம் அடங்கும்.

தூத்துக்குடியில் மாலை வேளைகளில் பூட்டிய வீடுகளுக்குள் பேச்சுக்குரல் கேட்கும். யாரும் நின்று கேட்பதில்லை. உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வீடு இருந்தது. குரல்நிழல் என்று பெயர். உரியவரின் குரலையும் பேச்சுப் பழக்கத்தையும் கற்றுக்கொண்டு, அவர் இல்லாதபோது அவராகவே பேசும். விளக்கு, கதவு, ஜன்னல் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை.

கணவன் சுயம்புலிங்கம் கல்யாணமான இருபதாம் நாள் நிலாவின் பனிச்சுரங்க வேலைக்குப் போனவன். அவனிடம் போய்ச் சேர இணை விசா வேண்டும். கல்யாணம் உண்மையானது என்று நிரூபித்தால்தான் அது கிடைக்கும். அங்கே காற்றை அளந்து கொடுக்கிறார்கள். பொய் மனைவிக்குக் காற்று கிடையாது.

நிரூபிக்கக் கற்றுக்கொடுக்க மாலை வகுப்பு இருந்தது. கணவன் எந்தப் பக்கம் படுப்பான், மச்சம் எங்கே, கோபம் வந்தால் முதலில் என்ன சொல்வான் என்று முந்நூற்று நாற்பது கேள்விகள். அத்தனைக்கும் பதில் எழுதி, சரியா தவறா என்று ஓரத்தில் ஐயக்குறியும் போட்டு வைத்திருந்தாள். வகுப்பு ஆறரை மணிக்கு. சுரங்கத்திலிருந்து அவன் அழைக்க அனுமதித்த நேரமும் அதே ஆறரை. ஒரு வாரம் மட்டும் என்று அழைப்பைக் குரல்நிழலிடம் விட்டாள். பதினோரு மாதம் ஓடிவிட்டது.

சில நாள் வகுப்பு சீக்கிரம் முடியும். வீட்டுக்குள்ளிருந்து அவள் சிரிப்பே அவளுக்குக் கேட்கும். அடுத்தவர் படுக்கையறை வாசலில் நிற்பதுபோலக் கூச்சப்பட்டு, பேச்சு ஓயும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். என்ன பேசினீர்கள் என்று ஒருநாள் பெட்டியைக் கேட்டாள். “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்றது. அம்மா கேட்டால் அவள் சொல்கிற அதே பதில், அதே குரலில்.

நேர்காணலில் மண ஆய்வாளர் பிரிஸ்கில்லா அந்த முந்நூற்று நாற்பதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டார்.

“ஏட்டி, அங்க மழையா?” சுயம்புவின் குரல்.

“ஆமா. இருங்க, ஜன்னலத் திறக்கேன். கேக்குதா?”

பிறகு நான்கு நிமிடம் வெறும் மழைச் சத்தம். தேதி நவம்பர் ஆறு. அன்று ஜன்னலைச் செல்லக்கனி மூடிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

“பதினேழு வருசமா இந்த நாற்காலியில இருக்கேன். இவ்வளவு உண்மையான கல்யாணத்த நான் பார்த்ததில்ல” என்றார் ஆய்வாளர். “சண்டை இருக்கு, சமாதானம் இருக்கு, பேசாம இருந்தது கூட இருக்கு. விசா குடுத்தாச்சு.”

அவள் மூச்சு விடுவதற்குள் அவரே குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு இல்லம்மா, உங்க பெட்டிக்கு. ரெண்டு குரலுமே நிழல்தான். அவரும் அங்க ஆறரைக்கு வகுப்புக்குப் போயிருக்காரு. உங்களப் பத்தி முந்நூத்தி நாப்பது கேள்வி.”

தாலி என் கழுத்தில்தானே இருக்கிறது என்றாள் செல்லக்கனி. சட்டத்துக்குப் பேச்சுதான் சான்று, பேசியது யார் என்று அதில் ஒரு பிரிவும் இல்லை என்றார் அவர்.

“எழுபது வருசம் முன்னாடி, ‘சாப்டியா’ன்னு செய்தி வந்தா ஒரு கட்டைவிரல் படத்த அனுப்பிட்டு அவங்கவங்க வேலையப் பார்த்தாங்க. அதையே குடும்பம்னு ஒத்துக்கிட்டோம். இப்ப எந்த இடத்துல கோடு போடச் சொல்லுதீங்க?”

வேண்டுமானால் மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு தாளை நீட்டினார்.

அன்று ஆறரைக்குக் குரல்நிழலை அணைத்துவிட்டு அவளே அழைப்பை எடுத்தாள். நிலாவுக்குக் குரல் போய்த் திரும்ப இரண்டரை நொடி.

“சாப்டீங்களா?”

“சாப்டேன். நீ?”

“ம்.”

அதற்குமேல் எதுவும் வரவில்லை. நிழல் இப்படித் தடுமாறாது, அவனேதான். வேறொன்றும் தோன்றாமல், எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று கேட்டாள். இடது பக்கம் என்று ஒப்பிப்பதுபோலச் சொன்னான். அங்கே மழையா என்றான். இல்லை என்றாள். வைத்துவிடட்டுமா என்று அவன் கேட்டபோது இருவருக்குமே பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

பெட்டியை மறுபடி இயக்கினாள்.

“அவர ஏன் இவ்வளவு சீக்கிரம் விட்டுட்ட?” என்று அவள் குரல் அவளைக் கேட்டது.

அவள் நாட்குறிப்பைத் திறந்தாள்.

நாளை காலை ஏழு மணிக்குக் குரல்நிழலை ஏவுதளத்தில் ஒப்படைக்க வேண்டும். மாலை ஆறரைக்கு மேல்முறையீட்டு வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் புதிய குரல்நிழல் ஒன்று வாங்க வேண்டும்.