துறையில் ஒரு கதிரை

காலையில் அந்தக் கதிரை கரையிலிருந்த வீட்டைப் பார்த்தபடி இருந்தது. கமலினிக்கு அது நன்றாக நினைவிருந்தது. ஆளில்லாத படகுத்துறையில், தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்காரக் கதிரை போட்டு வைத்தவர் என்ன கோபக்காரராக இருந்திருப்பார் என்று கணவனிடம் சொல்லிச் சிரித்திருந்தாள். இப்போது பின்னேரம், மூடுபனிக்குள் அதே துறை மறுபடியும் இடப்பக்கம் வந்து நின்றபோது, கதிரை பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

துறை மறுபடி வந்திருக்கவே கூடாது. வழி தவறிச் சுற்றுவதற்கு இது ஏரியில்லை. வெலிங்டன் ஏரியையும் விக்டோரியா ஏரியையும் இணைக்கிற ஒடுங்கிய கால்வாய். இரண்டு கரையிலும் நாணல். நுழைந்தவர்கள் மறுமுனையால் வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தின் ஈஸ்டர் விடுமுறை அது. எஞ்சினியரான அவள் கணவன் விக்னராஜா மெல்பேணுக்கு வந்த நாள் முதலாய் இந்தப் பயணத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார். சேல் என்ற ஊரில் ஒரு கபின் படகை வாடகைக்கு எடுத்து, கால்வாயால் இறங்கி, ஆற்றால் போய், ஏரி ஏரியாகக் கடந்து பெயின்ஸ்வில் வரை. கடல் தாண்டி வந்தவனுக்கு இந்தக் குளங்கள் எந்த மூலைக்கு என்று பீற்றிக்கொண்டார். நீந்தத் தெரியாத கமலினி முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கும் பிடித்துப்போனது. தேத்தண்ணி நிறத்தில் ஆறும், கறுப்பு அன்னங்களும், படகின் சின்னக் குசினியில் அவிக்கிற புட்டின் மணமுமாக அவள் கலியாணம் கட்டிய காலத்துக்கே திரும்பிப் போயிருந்தாள்.

இன்று காலை குடிக்கத் தண்ணீர் தீர்ந்தது. அந்தத் துறை தெரிந்ததும் படகைக் கட்டினார்கள். பூட்டிய வீட்டின் பக்கத்தில் மழைத்தண்ணீர்த் தொட்டி இருந்தது. விக்னராஜா முழங்கால் உயரப் புல்லுக்குள்ளால் நடந்து போய் நிரப்பி வந்தார். கணுக்காலில் ஏதோ முள் கீறிவிட்டது என்றார். இருவரும் வயிறு நிறையக் குடித்தார்கள். படகு விலகும்போது, அந்தப் பூட்டிய கதவைப் பார்த்து அவள் வழக்கம்போலச் சொன்னாள்.

"அப்ப, நாங்கள் போட்டு வாறம்."

ஆருக்கப்பா சொல்லுறீர் என்று அவர் கேலி செய்தார். தண்ணீர் குடித்த வீட்டில் போய் வருகிறோம் என்று சொல்லாமல் வெளிக்கிடலாமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். வளர்ந்த வளர்ப்பு அப்படி. போறம் என்ற சொல் அவள் வாயில் வந்ததேயில்லை. திரும்பாமல் போகிறவர்களுக்கு, சுடலைக்குப் போகிறவர்களுக்கு உள்ள சொல் அது.

மத்தியானம் அவருக்குத் தலையிடித்தது. பிறகு குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தார். பிறகு கண்மடல்கள் இரண்டும் சரிந்து, எவ்வளவு முயன்றும் திறக்க முடியாமல் போனது. கமலினி காலைத் தூக்கிப் பார்த்தாள். முள் கீறல் இல்லை. இரண்டு புள்ளிகள்.

நீலச் சேலையைக் கிழித்துக் காலைக் கட்டி, அவரைக் கபினுக்குள் படுக்க வைத்துவிட்டு, அவளே சுக்கானைப் பிடித்தாள். பெயின்ஸ்வில்லுக்குப் போனால் டெலிபோன் இருக்கிறது, அம்புலன்ஸ் வரும். இருட்டுவதற்குள் போய்விட்டால் பிழைத்துவிடுவார். அதை மட்டும் நினைத்துக்கொண்டு அவள் ஓட்டினாள். அப்போதுதான் பனி இறங்கியது.

அது வெள்ளையாக, ஈரத் துணி மணத்தோடு வந்து நாணலை மூடியது, பறவைகளின் சத்தத்தை மூடியது, கடைசியில் எஞ்சினின் குடுகுடுப்பும் கபினுக்குள்ளிருந்து வந்த அவருடைய இருமலும் தவிர உலகத்தில் வேறு எதுவுமே மிஞ்சவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்துதான் துறை வந்தது.

தனக்குத்தான் கண் மயங்குகிறது என்று கமலினி தன்னையே திட்டினாள். இந்த ஊரில் எல்லாத் துறையும் ஒரே அச்சுத்தான் என்று சொல்லிக்கொண்டாள். சுக்கானை நேராகப் பிடித்து, வலக்கரை நாணலைக் கண்ணில் இருந்து விடாமல் ஓட்டினாள். நாணல் பின்னால் போயிற்று, போயிற்று, போய்க்கொண்டேயிருந்தது. பிறகு ஈரப் பலகையின் புளித்த மணம் மூக்கில் ஏறியது.

துறை. இடப்பக்கம்.

கதிரை இப்போது தண்ணீரைப் பார்த்திருந்தது. அதில் ஒருவருமில்லை. ஆனால் அதன் இருக்கை நனைந்து, ஓரத்தால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ," என்று அவள் கபினுக்குள் கூப்பிட்டாள். "என்னோட கதையுங்கோ. ஏதாவது கதையுங்கோ."

நாக்குத் தடித்த குரல் ஒன்று கீழிருந்து வந்தது. "குளிருது, கமலி. காலெல்லாம் தண்ணி."

படகுக்குள் தண்ணீரில்லை. அவள் இருந்த இடத்தில் பலகை உலர்ந்துதான் கிடந்தது. இறங்கிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. சுக்கானை விட்டால் அவர் செத்துப்போவார் என்று தனக்கே சாட்டுச் சொன்னாள்.

மூன்றாம் முறை துறை வந்தபோது எஞ்சின் தானாக நின்றது. படகு பலகையில் மெல்ல இடித்தது. கதிரை துறையின் விளிம்புக்கே வந்திருந்தது, கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு.

அப்போது அவளுக்கு விளங்கிற்று. வருவோம் என்று வாக்குக் கொடுத்தது அவள்தான். கேட்டுக்கொண்டிருந்தது எதுவோ, அது அதை நம்பிக் காத்திருக்கிறது.

வாக்கைத் திருப்பி எடுக்க ஒரு சொல்தான் இருந்தது. சாகக் கிடக்கிற புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் அதைச் சொல்லுவாள்? இருமல் மெலிந்துகொண்டு வந்தது. வெளிச்சமும் மெலிந்தது. நேரமில்லை.

"நாங்கள் போறம்," என்றாள் கமலினி. அழுதுகொண்டு, உரத்து. "இனி வரமாட்டம்."

பனி விலகியது. ஒரேயடியாக. முன்னால் கால்வாயின் வாய், அதற்கப்பால் அகண்ட ஏரி, தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. கபினுக்குள் இருமல் கேட்டது. இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். கமலினி சிரித்தாள், கண்ணீரைத் துடைத்தாள், நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தாள்.

"கமலி."

குரல் பின்னாலிருந்து வந்தது. தடிக்காத நாக்கு. அவருடைய நல்ல குரல்.

"போட்டு வாரும்."

திரும்பினாள்.

துறை விலகிப் போய்க்கொண்டிருந்தது. கதிரையில் விக்னராஜா இருந்தார். இடுப்பில் நனைந்த சறம். கணுக்காலில் நீலச் சேலைக் கிழிசல். சரிந்த கண்மடல்களோடு அவளை நோக்கி ஒரு கையைத் தூக்கியிருந்தார்.

சுக்கானைத் திருப்பினாள். படகு திரும்பவில்லை.

கபினுக்குள் இருமல் நின்றது. படியில் ஈரக் கால் ஒன்று ஊன்றியது. பிறகு அடுத்தது.

உள்ளிருந்து கதவின் கொளுக்கி மெல்ல உயர்ந்தது.